கைபேசியைப் பறித்தது சரியா? எட்டாம் வகுப்பு மாணவனின் தந்தைக்கு ஒரு பதில்

எட்டாம் வகுப்பில் படிக்கும் உங்கள் மகனின் முகத்தை வைத்து வகுப்புத் தோழர்கள் வாட்ஸ்ஆப் ஸ்டிக்கர் செய்து குழுவில் சுற்றவிட்டிருக்கிறார்கள். பல வாரங்கள் அவன் அதை வீட்டில் சொல்லவில்லை. வேறொரு மாணவனின் அம்மா சொல்லித்தான் உங்களுக்குத் தெரிந்திருக்கிறது. அன்றைக்கே அவனுடைய கைபேசியை வாங்கி பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டீர்கள். அதிலிருந்து அவன் உங்களுடன் சரியாகப் பேசுவதில்லை, தெருமுனைக் கடைக்குப் போகக்கூடத் தயங்குகிறான் என்று எழுதியிருக்கிறீர்கள். கைபேசியைப் பறித்தது சரியா, இந்தக் காலத்தில் தன்னம்பிக்கையும் மனத்திடமும் உள்ள பிள்ளையாக அவனை வளர்ப்பது எப்படி என்று இரண்டு கேள்விகள் கேட்டிருக்கிறீர்கள். பள்ளிகளில் ஆலோசகராக நீண்ட காலம் பணியாற்றியவன் என்ற முறையில் எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

உங்கள் கடிதத்தில் என்னை அதிகம் கவலைகொள்ள வைத்தது ஸ்டிக்கர் விவகாரம் அன்று. அதை அவன் மறைத்தான் என்பதுதான். அந்த வயதுப் பிள்ளைகளிடம் ஏன் வீட்டில் சொல்லவில்லை என்று தனியாகக் கேட்டால் பெரும்பாலும் ஒரே பதில்தான் வரும்: "சொன்னால் போனைப் பிடுங்கிவிடுவார்கள்." உங்கள் மகனும் அப்படித்தான் கணக்குப் போட்டிருப்பான், நீங்களும் கைபேசியைப் பூட்டி வைத்து அந்தக் கணக்கு சரிதான் என்று காட்டிவிட்டீர்கள். பதற்றத்தில் செய்தது என்பது புரிகிறது. ஆனாலும் கேலிக்கு ஆளானவனுக்கே தண்டனை விழுந்திருக்கிறது, கேலி செய்தவர்களின் கைபேசிகள் அவரவர் கையிலேயே இருக்கின்றன. ஆகவே முதல் கேள்விக்கு என் பதில், சரியில்லை என்பதுதான். இணையம் சார்ந்த ஆபத்துகளில் பெரியவர்களிடம் வந்து சொல்லும் பிள்ளை பெரும்பாலும் தப்பித்துக்கொள்கிறது. சொல்லாத பிள்ளைதான் மேலும் மேலும் சிக்கிக்கொள்கிறது. வந்து சொல்லும் வழியை அடைக்கும் எந்தக் கட்டுப்பாடும், எவ்வளவு நல்ல நோக்கத்தோடு போடப்பட்டாலும், பாதுகாப்பைக் குறைக்கவே செய்யும்.

இதைச் சரிசெய்வது கடினமான காரியம் இல்லை. அவனை எதிரே உட்கார வைத்து விசாரிக்காதீர்கள். பையன்கள் பலர் முகத்தைப் பார்க்க வேண்டிய கட்டாயம் இல்லாத இடத்தில்தான் மனம்விட்டுப் பேசுவார்கள். இருசக்கர வாகனத்தில் பின்னால் உட்கார்ந்து வரும்போது அவர்கள் சொல்லும் விஷயங்களில் பாதி சாப்பாட்டு மேசையில் வெளிவராது. அப்படி ஒரு நேரத்தில், "நீ தப்பு எதுவும் செய்யவில்லை, நான்தான் பதறிப்போய் போனை வாங்கி வைத்துவிட்டேன், இனிமேல் எது நடந்தாலும் நீயாக வந்து சொன்னால் அதற்காக போனை வாங்க மாட்டேன்" என்று சொல்லிக் கைபேசியைத் திருப்பிக் கொடுங்கள். இந்த வாக்குறுதியை அவன் ஒருநாள் சோதித்துப் பார்ப்பான். உங்களுக்குப் பிடிக்காத ஏதோ ஒன்றைச் சொல்வான். அன்றைக்கு உங்கள் முகம் எப்படி மாறுகிறது என்பதை வைத்துத்தான் அடுத்த செய்தி உங்களிடம் வருமா வராதா என்பது முடிவாகும்.

ஸ்டிக்கரைப் பொறுத்தவரை, பெற்றோர் குழுவில் அதைப் பற்றி ஒரு வரிகூட எழுத வேண்டாம், அந்தப் பையன்களின் வீட்டுக்கு அழைத்துச் சண்டையும் போட வேண்டாம். இரண்டில் எதைச் செய்தாலும் மறுநாள் வகுப்பில் அதன் விலையைக் கொடுக்கப்போகிறவன் உங்கள் மகன்தான். குழுவில் வந்ததை நாளும் நேரமும் தெரியும்படி ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பிறகு அவனிடமே, "நீ என்ன செய்யலாம் என்று நினைக்கிறாய்? வகுப்பாசிரியரிடம் நீ பேசுகிறாயா, நான் வந்து பேசவா, இருவரும் சேர்ந்து போகலாமா?" என்று கேளுங்கள். குழுவில் புதிதாக வரும் பதிவை அட்மினால் எல்லோருடைய பார்வையிலிருந்தும் அழிக்க முடியும். ஆனால் ஒவ்வொருவரும் தம் கைபேசியில் சேமித்துக்கொண்ட ஸ்டிக்கரை யாராலும் முழுவதுமாகத் திரும்பப் பெற முடியாது. இதையும் அவனிடம் மறைக்காமல் சொல்லிவிடுவது நல்லது. "இதெல்லாம் ஒரு விஷயமா, கண்டுகொள்ளாதே" என்று மட்டும் சொல்லாதீர்கள். பதின்மூன்று வயதில் வகுப்புதான் உலகம், அங்கே தன் முகம் சிரிப்புப் பொருளானது அவனுக்குச் சின்ன விஷயமாக இருக்க முடியாது.

இனி உங்கள் இரண்டாவது கேள்வி. மனத்திடம் பற்றிய ஆய்வுகளில் ஹவாய்த் தீவுகளில் ஒன்றான கவாயில் நடந்த ஒன்றை நான் அடிக்கடி நினைத்துக்கொள்வேன். 1955-இல் அத்தீவில் பிறந்த 698 குழந்தைகளை எமி வெர்னர் என்ற உளவியலாளரும் அவருடைய குழுவினரும் நடுவயது வரை தொடர்ந்து கவனித்தார்கள். வறுமை, பெற்றோரின் குடிப்பழக்கம், மனநோய், ஓயாத சண்டை போன்ற பல துன்பங்களுக்கு நடுவே வளர்ந்த குழந்தைகளில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினர், எதிர்பார்ப்புக்கு மாறாக, திறமையும் தன்னம்பிக்கையும் பிறர்மீது அக்கறையும் உள்ள பெரியவர்களாக வளர்ந்திருந்தார்கள். அவர்களிடம் பொதுவாகக் காணப்பட்டவற்றுள் இரண்டு நமக்கு உதவும். ஒன்று, நிபந்தனையின்றி அவர்களை ஏற்றுக்கொண்ட ஒரு பெரியவராவது அவர்கள் வாழ்வில் இருந்தார். அவர் பாட்டியாகவோ ஆசிரியராகவோ பக்கத்து வீட்டுக்காரராகவோகூட இருக்கலாம். மற்றொன்று, அவர்களில் பலருக்கு வீட்டில் உண்மையான பொறுப்புகள் இருந்தன. தம்பி தங்கையைப் பார்த்துக்கொள்வது, வீட்டு வேலையில் ஒரு பங்கைத் தாங்குவது என்று, அவர்கள் செய்யாவிட்டால் நடக்காத வேலைகள் அவை.

முதலாவதைப் பற்றி மேலே பேசிவிட்டோம். இரண்டாவதில்தான் இன்றைய நடுத்தரக் குடும்பங்கள் சறுக்குகின்றன என்பது என் கருத்து. தன்னால் முடியும் என்ற நம்பிக்கை எங்கிருந்து பிறக்கிறது என்பதை 1977-இல் ஆல்பர்ட் பண்டுரா என்ற உளவியலாளர் விளக்கியபோது, பிறர் ஊக்கப்படுத்துவதைவிடத் தானே ஒன்றைச் செய்து முடித்த அனுபவமே அதற்கு வலுவான ஊற்று என்றார். அந்த அனுபவத்துக்கான சந்தர்ப்பங்கள் இப்போது பிள்ளைகளுக்கு அருகிவருகின்றன. பிள்ளையின் கையில் இருக்கும் கைபேசியை மட்டும் இதற்குக் குற்றம் சொல்லிவிடுகிறோம். நம் கையில் இருக்கும் கைபேசிக்கு இதில் எவ்வளவு பங்கு உண்டு என்று யோசித்ததுண்டா?

பள்ளியின் பெற்றோர் வாட்ஸ்ஆப் குழுவையே எடுத்துக்கொள்ளுங்கள். மாலை ஏழு மணிக்குமேல் அதில் என்ன ஓடுகிறது? "நாளைக்கு என்ன டெஸ்ட்?", "சயின்ஸ் எந்தப் பாடம் வரை?", "கணக்கு ஹோம்வொர்க் பக்கத்தை யாராவது போட்டோ எடுத்து அனுப்ப முடியுமா?", "சார்ட் பேப்பர் என்ன கலர்?" கேட்பவர்கள் எல்லோரும் பெற்றோர்கள். வீட்டுப்பாடத்தை டைரியில் எழுதிக்கொண்டு வருவதும், எழுத மறந்தால் பக்கத்துத் தெரு நண்பன் வீட்டுக்குப் போய்க் கேட்பதும், அவனும் வீட்டில் இல்லையென்றால் மறுநாள் ஆசிரியர் முன் நின்று உண்மையைச் சொல்லித் திட்டு வாங்குவதும் ஒரு காலத்தில் பிள்ளையின் வேலைகளாக இருந்தன. எட்டு வயதில் வாங்கும் அந்தச் சிறிய திட்டு, மறுநாளும் உலகம் அப்படியேதான் இருக்கும் என்று அவனுக்குக் கற்றுக்கொடுத்தது. இப்போது மறதியின் விளைவு பிள்ளையை எட்டுவதற்கு முன்பே அம்மாவின் கைபேசி அதைத் தடுத்துவிடுகிறது. பத்தாண்டுகள் இப்படிக் காப்பாற்றப்பட்ட பிள்ளை, முதல் ஏமாற்றத்தைக் கல்லூரி விடுதியில் தனியாக எதிர்கொள்கிறான். நான் சொல்லும் யோசனை எளிமையானது: குழுவில் பள்ளியின் அறிவிப்புகளைப் படியுங்கள், வீட்டுப்பாடத்தைப் பற்றி மட்டும் கேட்காதீர்கள். இரண்டு வாரம் கொஞ்சம் தடுமாற்றமாக இருக்கும், ஆசிரியரிடமிருந்து ஒரு குறிப்பும் வரக்கூடும். வரட்டும்.

விளையாட்டிலும் இதே இழப்பு உண்டு. தெரு கிரிக்கெட்டில் நடுவர் கிடையாது. பந்து மட்டையில் பட்டதா இல்லையா, ஒன் பிட்ச் கேட்ச் உண்டா, மாடி வீட்டு காம்பவுண்டுக்குள் அடித்தால் சிக்ஸா அவுட்டா என்பதையெல்லாம் பையன்களே கத்திப் பேசி முடிவு செய்ய வேண்டும். மட்டை யாருடையதோ அவன் கோபித்துக்கொண்டு போனால் ஆட்டம் நின்றுவிடும் என்பதால் அவனைச் சமாதானப்படுத்தத் தெரிந்த ஒருவன் ஒவ்வொரு தெருவிலும் உருவானான். கைபேசி விளையாட்டில் அவுட் கொடுப்பது மென்பொருள், அதனுடன் வாதாட முடியாது. தோற்றால் ஒரு பொத்தானை அழுத்தி வேறு எதிரிகளுடன் புதிய ஆட்டம் தொடங்கிவிடலாம், தோற்கடித்தவனின் முகத்தை மறுநாள் பார்க்க வேண்டியதும் இல்லை. உங்கள் மகன் கைபேசி விளையாட்டில் கெட்டிக்காரனாகவும் மனிதர்கள் முன் தயக்கமுள்ளவனாகவும் இருப்பதில் முரண்பாடு ஏதும் இல்லை.

எனவே கடைக்குப் போகத் தயங்குகிறான் என்பதற்காக அவனுக்கு அறிவுரை கூற வேண்டாம், வேலை கொடுங்கள். ரொக்கமாகப் பணம் கொடுத்து அனுப்புங்கள். கியூஆர் குறியீட்டைப் படம்பிடித்துவிட்டு வரும்போது கடைக்காரருடன் பேசவும் மீதியை எண்ணவும் தேவையே இல்லாமல் போய்விடுகிறது. கொத்தமல்லிக்குப் பதில் புதினாவை வாங்கி வந்தால் நீங்கள் போய் மாற்றாதீர்கள், அவனையே திரும்ப அனுப்புங்கள். அந்த இரண்டாவது பயணம்தான் அவனுக்கு உண்மையான பாடம். சைக்கிள் பஞ்சரை அவனே கடைக்குத் தள்ளிக்கொண்டு போய் ஒட்டி வரட்டும், சித்தப்பா வீட்டுக்கு நகரப் பேருந்தில் தனியாகப் போய் வரட்டும், வீட்டு விசேஷத்துக்கு வந்தவர்களுக்கு அவன் பரிமாறட்டும். முதலில் நீங்கள் கூடச் செல்லுங்கள், அடுத்த முறை சற்றுத் தள்ளி நில்லுங்கள், அதற்கடுத்த முறை வீட்டிலேயே இருங்கள். பயம் முழுக்கப் போன பிறகு அனுப்பலாம் என்று காத்திருந்தால் அந்த நாள் வராது, செய்து பார்த்தால்தான் பயம் குறையும்.

பாராட்டும் அளவறிந்து இருக்க வேண்டும். 1998-இல் கிளாடியா முல்லர், கேரல் டுவெக் என்ற உளவியலாளர்கள் ஐந்தாம் வகுப்பு மாணவர்களிடம் நடத்திய ஆய்வில், நீ புத்திசாலி என்று பாராட்டப்பட்டவர்கள் கடினமான புதிர்களில் தோற்றதும் எளிதில் கைவிட்டார்கள், தம் மதிப்பெண்ணைக் கூட்டிச் சொன்னவர்களும் அவர்களிடையே அதிகம். உழைப்பைப் பாராட்டப்பட்டவர்கள் தொடர்ந்து முயன்றார்கள். பிற்கால ஆய்வுகளில் இத்தகைய விளைவுகள் முதலில் கருதிய அளவுக்குப் பெரியவையாகத் தெரியவில்லை என்றாலும், மகனின் மதிப்பெண் பட்டியலை வாட்ஸ்ஆப் ஸ்டேட்டஸில் போடும் பழக்கத்தைக் கைவிட இதுவே போதுமான காரணம் என்று நான் நினைக்கிறேன். நல்ல மதிப்பெண் வந்தபோது போட்ட ஸ்டேட்டஸ், குறைந்த மதிப்பெண் வந்தபோது போடாததன் மூலம் அவனுக்கு ஒன்றைச் சொல்லிவிடுகிறது.

எத்தனை மணி நேரம் அனுமதிக்கலாம் என்ற கேள்விக்குப் பெற்றோர் தரும் முக்கியத்துவம் சற்று அதிகம். சிறு குழந்தைகளுக்குத் தெளிவான வரம்புகள் உண்டு: இரண்டு வயது ஆகும்வரை திரையே வேண்டாம், இரண்டு முதல் நான்கு வயது வரை ஒரு மணி நேரத்துக்கு மேல் வேண்டாம் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் 2019-ஆம் ஆண்டு வழிகாட்டுதல். பதின்ம வயதில் கணக்கு அவ்வளவு நேரடியானதில்லை. 2019-இல் ஏமி ஓர்பென், ஆண்ட்ரூ ஷிபில்ஸ்கி என்ற ஆய்வாளர்கள் மூன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட இளையோரின் தரவுகளை ஆராய்ந்தபோது, அவர்களின் மனநல வேறுபாட்டில் மின்னணுச் சாதனப் பயன்பாட்டோடு தொடர்புபடுத்தக்கூடிய பங்கு அதிகபட்சம் 0.4 விழுக்காடுதான் என்று கண்டார்கள். இதை வைத்துக் கைபேசியால் தீங்கே இல்லை என்று வாதிடக் கூடாது, சராசரிக்குள் தனிப்பிள்ளையின் துன்பம் மறைந்துவிடும். எத்தனை மணி நேரம் என்று கடிகாரத்தைப் பார்ப்பதைவிட, கைபேசி எதை இடம்பெயர்க்கிறது என்பதைக் கவனிப்பது பயனுள்ளது என்றுதான் இதிலிருந்து நான் எடுத்துக்கொள்கிறேன். அப்படி இடம்பெயர்பவற்றில் முதலிடம் தூக்கத்துக்கு. பதின்மூன்று வயதுக்கு இரவில் எட்டு முதல் பத்து மணி நேரத் தூக்கம் தேவை. ஆகவே ஒரே ஒரு விதி போடுவதானால், இரவு ஒரு குறிப்பிட்ட நேரத்துக்குமேல் வீட்டில் உள்ள எல்லாக் கைபேசிகளும், உங்களுடையதும் சேர்த்து, கூடத்தில் சார்ஜில் கிடக்க வேண்டும் என்பதைப் போடுங்கள். அலாரத்துக்குத் தேவை என்பான். ஓர் அலாரக் கடிகாரம் வாங்கிக் கொடுத்துவிடுங்கள்.

விளையாட்டின் நடுவில் சாப்பிடக் கூப்பிட்டு வராததால் மூளும் சண்டையும் ஏறக்குறைய எல்லா வீட்டிலும் உண்டு. நால்வர் அணியாக ஆடும் பிஜிஎம்ஐ போன்ற விளையாட்டுகளில் ஓர் ஆட்டம் அரை மணி நேரம் வரை நீளும், நடுவில் விட்டு வந்தால் மற்ற மூவரையும் கைவிட்டதாக ஆகும். ஆட்டம் எப்போது முடியும் என்று கேட்டு, அதற்குமேல் புதியது தொடங்கக் கூடாது என்று பேசிக்கொண்டால் பாதிச் சண்டை தீரும். விளையாட்டுக்குள் எதையாவது வாங்கக் கேட்டாலும், யுபிஐ பின் நம்பரை மட்டும் எக்காரணம் கொண்டும் பிள்ளையிடம் கொடுக்காதீர்கள்.

இவற்றைவிடக் கடுமையான ஓர் ஆபத்தைப் பற்றியும், அது வருவதற்கு முன்பாகவே, அவனிடம் பேசியாக வேண்டும். அறிமுகமில்லாத ஒருவர் நட்பாகப் பழகி அந்தரங்கப் படத்தை வாங்கிக்கொண்டோ, சாதாரணப் படத்தை ஆபாசமாக மாற்றியோ மிரட்டுவது இன்று ஆண்பிள்ளைகளுக்கும் நடக்கிறது. மிரட்டுபவனின் பலம் படத்தில் இல்லை, வீட்டுக்குத் தெரிந்தால் என்ன ஆகுமோ என்ற பிள்ளையின் அச்சத்தில் இருக்கிறது. படிப்பையே நிறுத்திவிடுவார்கள் என்று நம்பும் பெண்பிள்ளையிடம் அந்தப் பலம் பன்மடங்காகிறது, அப்படி நம்புவதற்கு நம் குடும்பங்கள் அவர்களுக்குக் காரணங்களும் தந்திருக்கின்றன. அப்படி நேர்ந்தால் பணம் கொடுக்கக் கூடாது, உரையாடலை அழிக்கக் கூடாது, ஸ்கிரீன்ஷாட் எடுத்துக்கொண்டு அந்தக் கணக்கைத் தடை செய்ய வேண்டும், சைபர் குற்ற உதவி எண் 1930-ஐ அல்லது குழந்தைகள் உதவி எண் 1098-ஐ அழைக்க வேண்டும். 18 வயதுக்குட்பட்டவரின் ஆபாசப் படத்தை உருவாக்குவதும் பரப்புவதும் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 67பி பிரிவின்படி குற்றம். 2012-ஆம் ஆண்டின் போக்சோ சட்டத்தின் கீழ் வாக்குமூலத்தைக் குழந்தையின் வீட்டிலோ அது விரும்பும் இடத்திலோ பதிவு செய்யலாம், அப்போது காவலர் சீருடையில் இருக்கக் கூடாது. காவல் நிலையப் படியேற வேண்டுமே என்று அஞ்சும் பெற்றோர் பலருக்கு இது தெரிவதில்லை. படம் பரவாமல் தடுக்க, 2023-இல் தொடங்கப்பட்ட டேக் இட் டவுன் என்ற இலவசச் சேவையும் உண்டு. படத்தை யாருக்கும் அனுப்பாமல் அதன் எண்வடிவ அடையாளத்தை மட்டும் பெற்று இன்ஸ்டாகிராம், ஃபேஸ்புக் போன்ற தளங்களில் அதைத் தேடி நீக்க அது உதவுகிறது. வாட்ஸ்ஆப்பின் தனி உரையாடல்களை அது எட்டாது.

சாட்ஜிபிடி போன்ற செயற்கை நுண்ணறிவு உரையாடிகளைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் ஒன்றைச் சொல்கிறேன். அதைக் கொண்டு கட்டுரை எழுதினான் என்று தெரிந்தால், எழுதியதை மூடிவைத்துவிட்டு உங்களிடம் வாயால் விளக்கச் சொல்லுங்கள். விளக்க முடிந்தால் அவன் கற்றிருக்கிறான். மனக்குறையை மனிதர்களிடம் சொல்லாமல் அதனிடம் மட்டும் கொட்டுகிறான் என்றால், அது அந்தக் கருவியைப் பற்றிய செய்தியைவிட வீட்டைப் பற்றிய செய்தி. அவன் ஏதோ சொல்ல வரும் நேரத்தில் நம் பார்வை நம் கைபேசியில் இருந்ததா என்பதை நாமே ஒருமுறை பார்த்துக்கொள்வது நல்லது.

நீங்கள் பேசிப் பார்த்த பிறகும் இரண்டு மூன்று வாரங்களுக்கு மேலாக அவன் தூங்காமலோ சாப்பிடாமலோ இருந்தால், காலையில் பள்ளிக்குப் புறப்படும் நேரத்தில் வயிற்றுவலி, தலைவலி என்று தொடர்ந்து சொன்னால், முன்பு பிடித்தவற்றில் எல்லாம் நாட்டம் இழந்தால், மனநல உதவியை நாடத் தாமதிக்காதீர்கள். வாழப் பிடிக்கவில்லை என்ற பொருள்பட ஒரு சொல் வந்தாலும் அதை விளையாட்டாக எடுக்காமல் அன்றைக்கே உதவி கேளுங்கள். டெலி மானஸ் என்ற அரசின் தொலைபேசிச் சேவையை 14416 என்ற எண்ணில் எந்த நேரத்திலும் அழைத்துத் தமிழிலேயே பேசலாம், அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளின் மனநலப் பிரிவிலும் பார்க்கலாம். கைபேசி விளையாட்டு கைமீறிப் போய்விட்டது என்று தோன்றினால் பெங்களூருவில் உள்ள தேசிய மனநல மருத்துவ நிறுவனமான நிம்ஹான்ஸில் 2014 முதல் இதற்கென்றே ஒரு சிகிச்சைப் பிரிவு இயங்கிவருகிறது. மகன் வர மறுத்தால் முதல் முறை நீங்களும் உங்கள் மனைவியும் மட்டும் போய்ப் பேசிவிட்டு வரலாம். எதற்காகப் போகிறீர்கள் என்பதை மட்டும் அவனிடம் மறைக்காமல் சொல்லிவிட்டுப் போங்கள்.